யாருடைய நேரத்தில் விளையாடுகிறோம்?

1996 முதல் 2006 வரை வன்னிக்கென்று தனி நேரம் இருந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் கொழும்பு அரசாங்கம் 1996 மே மாதத்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றங்களை ஏற்கவில்லை. இங்கே பழைய நேரமே ஓடியது. சமாதான காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்தவர்கள் அடையாள அட்டையோடு கைமணிக்கூட்டையும் கவனிக்க வேண்டியிருந்தது. 2006 ஏப்ரலில் நாடு முழுவதும் பழைய நேரத்துக்குத் திரும்பியபோது இரண்டும் ஒன்றாயின. நாலு மாதம் போகவில்லை, வன்னிக்குப் போகும் ஏ-9 பாதை பூட்டுப்பட்டது.

வன்னியில் எங்கள் ஊரான பரந்தனில் இன்றும் இரண்டு நேரங்களில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே இரவு பத்தரை ஆகும்போது, கோடை காலத்தில், பாரிஸில் மாலை ஏழு மணி, லண்டனில் ஆறு, ரொறன்ரோவில் பகல் ஒரு மணி. இங்கே ஒருவன் பிள்ளைகளைப் படுக்கவிட்டு வருகிறான். அங்கே ஒருவன் வேலையால் வந்து குளித்துவிட்டு வருகிறான். இன்னொருவன் இரவு வேலைக்காரன்; இப்போதுதான் நித்திரையால் எழும்பியிருக்கிறான். ஒரே முற்றத்தில் வளர்ந்த மச்சான்மார் நாலு பேர் பப்ஜி என்ற கைபேசி விளையாட்டில் ஒரு ஸ்குவாட்டாகச் சேர்கிறார்கள். மைக்கைத் திறந்ததும் விளையாட்டுக் கதை வருவதில்லை. "அம்மாவுக்கு இப்ப பிரஷர் எப்பிடி?" "வளவுக்குள்ள வெள்ளம் வத்தீற்றுதோ?" அதெல்லாம் கேட்டு முடிந்த பிறகுதான் "சரி, எங்க இறங்குவம்?"

இணைய விளையாட்டு என்றால் எங்கள் பத்திரிகைகளும் பாடசாலைப் பெற்றோர் கூட்டங்களும் பிள்ளைகளைப் பற்றியே பேசுகின்றன. பேசத்தான் வேண்டும். ஆனால் லீசிங் கட்டுகிற, வயல் செய்கிற, பிள்ளையை முன்பள்ளிக்கு ஏற்றி இறக்குகிற வளர்ந்தவர்களும் விளையாடுகிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பேச்சு வந்தாலும் 'பொறுப்பில்லாததுகள்' என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறோம்.

அந்தச் சொல் எவ்வளவு பிழையானது என்பதை நிக் யீ என்ற ஆய்வாளர் 2006இலேயே காட்டிவிட்டார். மூன்று ஆண்டுகளாக 30,000 இணைய விளையாட்டுக்காரரிடம் அவர் கேள்வி கேட்டார். பதின்ம வயதினர் நாலில் ஒரு பங்குதான். பாதிப் பேர் முழுநேர வேலை செய்தார்கள். 36 சதவீதமானோர் திருமணமானவர்கள். 22 சதவீதமானோருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுடைய விளையாட்டு நேரத்தின் சராசரி வாரத்துக்கு 22 மணித்தியாலம். அமெரிக்காவில் விளையாடுவோரின் சராசரி வயது 36 என்று அங்குள்ள விளையாட்டுத் தொழிற்துறைச் சங்கம் 2024இல் சொன்னது. இளவயதில் தொடங்கியவர்கள் கலியாணம் முடித்தும் விடவில்லை என்பதுதான் கதை.

வாரத்துக்கு 22 மணித்தியாலம் என்பது அரைவாசி வேலை. வேலை, வீடு, பிள்ளை, கோயில், நல்லது கெட்டது எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதனுக்கு இந்த நேரம் எங்கிருந்து வருகிறது? எடுக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான். ரீவி பார்த்தும் சந்தியில் நின்றும் கழித்த பொழுதில் இருந்து எடுக்கலாம். நித்திரையில் இருந்து எடுக்கலாம். வீட்டில் இன்னொருவருடைய உழைப்பில் இருந்து எடுக்கலாம். பரந்தனிலும் இந்த மூன்று இடங்களில் இருந்துதான் எடுக்கிறார்கள். ஒருவர் எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறார் என்பதைவிட எந்த இடத்தில் இருந்து எடுத்து விளையாடுகிறார் என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது.

இங்கே விளையாடுகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இன்று முப்பதை நெருங்கியும் தாண்டியும் நிற்கிற வன்னிக்காரருக்கு 2009இல் பத்து, பன்னிரண்டு, பதினைந்து வயது. அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்தில் இங்கே வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. வானொலி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிய காலத்தை வடக்கில் யாரும் மறக்கவில்லை. தென்னிலங்கையில் அதே வயதுப் பிள்ளைகள் ரீவியில் கேம் விளையாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் பங்கருக்குள் தாயம் உருட்டினார்கள். 2008 கடைசியில் பரந்தன் வெறுமையானது. சனம் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஏ-35 வீதி வழியே கிழக்கே போய், முடிவில் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் செட்டிகுளம் முதலிய இடங்களின் முகாம்களுக்குள் வந்து நின்றார்கள். திரும்பி வந்து, கூரை போட்டு, கிணறு இறைத்து, கரண்ட் எடுத்து, கையில் ஒரு நல்ல போன் வருவதற்குள் அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். மற்றவர்கள் பதினைந்து வயதில் விளையாடியதை இவர்கள் இருபத்தைந்தில் தொடங்கினார்கள்.

இழந்த பிள்ளைப்பருவத்தைத் தேடுகிறார்கள் என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். ஒரு தலைமுறையின் முழு மனத்தையும் அந்த ஒரு வரியால் அளக்க எனக்கு மனமில்லை. ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெரியவர்கள் என்னிடம் அதைக் கோபத்தோடே கேட்டிருக்கிறார்கள்: "செல்லடிக்குள்ள தப்பி வந்ததுகளுக்கு இன்னும் துவக்கு விளையாட்டோ?" அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வீட்டின் முன் விறாந்தையில் படம் மாட்டி விளக்கு வைத்திருக்கிறது. பின் அறையில் இருந்து போனில் வெடிச்சத்தம் கேட்கிறது. கேட்கிற தாய்க்கு எப்படி இருக்கும்? ஹெட்செட் இல்லாமல் விளையாடுவதில்லை என்று பல பேர் தாங்களாகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு அந்தத் தாய்க்காகத்தான்.

விளையாடுகிறவர்களிடம் கேட்டால் வேறு விதமாகச் சொல்கிறார்கள். அந்தத் திரையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு. எல்லோருக்கும் வெறுங்கையோடு தொடக்கம். யார் விழுந்தாலும் பக்கத்தில் நிற்பவன் ஓடிப்போய் எழுப்பலாம். எழுப்ப முடியாமல் போனாலும் அடுத்த மேட்ச்சில் நாலு பேரும் திரும்ப நிற்பார்கள். அவர்கள் பார்த்த உண்மையில் இவை எதுவும் இருக்கவில்லை. இது ஆறுதலா, மரத்துப்போதலா என்று தீர்ப்புச் சொல்ல நான் உளவியலாளன் இல்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். போரை அறியாதவர்கள் இந்த மனிதருக்குப் போரைப் பற்றி வகுப்பெடுக்கக் கூடாது.

இனி நேரக் கணக்குக்கு வருவோம். சிறுபோகக் காலத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். காலபோகத்தில் மழை கைகொடுக்கும். சிறுபோகத்தில் குளத்தில் உள்ளதைப் பார்த்து, கமக்கார அமைப்புகள் கூடி, இத்தனை ஏக்கர்தான் விதைப்பு என்று முடிவாகும். உங்கள் முறை இரவில் வந்தால் இரவில்தான் வயலில் நிற்க வேண்டும். மேலே உள்ள வயல்காரன் பாய்ச்சி முடித்து மறித்துவிடும் வரை கிளை வாய்க்கால் ஓரம் காத்திருப்பு. ஒன்பது மணி என்று சொன்ன தண்ணீர் பதினொன்றுக்கும் வரலாம். ஒருவர் இந்தக் காத்திருப்பில் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மண்வெட்டியை வரம்பில் குத்தி, உரப்பையை விரித்து, அதில் இருந்தார். வெளிச்சத்துக்குப் பூச்சி வரும் என்று திரையை மங்கலாக்கியிருந்தார். ஒரு காதில் மட்டும் இயர்போன். மற்றக் காது வாய்க்காலுக்கு. ஃப்ரீ ஃபயரில் ஒரு மேட்ச் ஏறத்தாழ பத்து நிமிடம். தண்ணீர் வருகிற சத்தம் கேட்டால் பத்து நிமிடத்துக்குள் எழும்பலாம், பயிருக்குக் கேடில்லை. பப்ஜி அரை மணித்தியாலம் பிடிக்கும். வயலில் அதைத் தொடவே மாட்டேன் என்றார். தன் தொழிலின் அளவுக்கு விளையாட்டைத் தெரிந்தெடுத்த மனிதர் அவர். யாருடைய பொழுதையும் அவர் எடுக்கவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டு இருந்திருக்க வேண்டிய நேரத்தைத்தான் எடுத்தார்.

விளையாட்டைச் செய்து விற்கிறவர்களும் இந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருக்கிறார்கள். 2004இல் வந்த வேர்ல்ட் ஒப் வோர்கிராப்ட்டில் பெரிய அரக்கனை வீழ்த்த 40 பேர் ஒரே நேரத்தில் கூட வேண்டும். மூன்று நாலு மணித்தியாலம் எழும்பக் கூடாது. 40 குடும்பங்கள் ஒரே இரவில் ஒத்துழைத்தால்தான் அது நடக்கும். 2007இல் அதே நிறுவனம் அந்த எண்ணிக்கையை 25 ஆகவும் 10 ஆகவும் குறைத்தது. பிறகு விளையாட்டுகள் கைபேசிக்குள் வந்தன; மணித்தியாலங்கள் நிமிடங்களாகின. இன்று வேலைக்காரருக்கும் பிள்ளைத்தாய்க்கும் இடைவெளிகளில் விளையாட முடிகிறதென்றால் அந்தச் சுருக்கம்தான் காரணம்.

ஆனால் அதே சுருக்கத்துக்குள் ஒரு பொறியும் இருக்கிறது. நாலு மணித்தியால விளையாட்டுக்கு ஒரு முடிவு இருந்தது. பத்து நிமிட விளையாட்டுக்கு முடிவே இல்லை. "ஒரு மேட்ச்தான், வாறன்" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையாகவே ஒரு மேட்ச்தான் நினைக்கிறார். அதற்கு மேல் தினமும் உள்ளே வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு, சில வாரங்களுக்கு ஒருமுறை ராங்க் கீழே இறக்கி மீண்டும் ஏறச் சொல்லும் சீசன். இவை விளையாட்டின் சுவைக்காக வைத்தவை இல்லை. வளர்ந்த மனிதரின் நாளுக்குள் ஒரு கடமையாக நுழைவதற்காக வைத்தவை. கடமையாகிவிட்ட விளையாட்டை நான் விளையாட்டென்று சொல்ல மாட்டேன்.

எங்கள் அப்பாமார் விளையாடாமல் இருந்தார்களா? செத்தவீட்டில் விடிய விடிய 304 சீட்டாட்டம் ஓடும். கலியாணவீட்டுப் பந்தலுக்குள் ஓடும். கம்மாரீஸ் அடித்து, வெத்திலை சப்பி, அடுத்த நாள் வேலைக்குப் போனவர்கள்தான் அவர்களும். ஆனால் அந்தச் சீட்டாட்டத்தில் ஒரு வசதி இருந்தது. வீட்டில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டால், கையில் உள்ள சீட்டைப் பின்னால் நிற்பவனிடம் கொடுத்துவிட்டு எழும்பலாம். ஆட்டம் நிற்காது, ஆளும் குற்றவாளி ஆகமாட்டான். இணைய விளையாட்டில் உங்கள் கையை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. பிள்ளை அழுதாலும் நடுவில் நிறுத்த முடியாது. விட்டுவிட்டுப் போனால் மற்ற மூன்று பேரின் ஆட்டமும் கெடும். ஒரு பக்கம் அழுகிற பிள்ளை, மறு பக்கம் காத்திருக்கிற நண்பர்கள். இந்த இழுபறிதான் இளம் குடும்பங்களில் பாதிச் சண்டைக்குக் காரணம். விளையாட்டின் அளவு அதற்குப் பிறகுதான் வரும்.

நித்திரையைப் பற்றி எழுதும்போது எனக்கு உண்மையாகவே பயம் வருகிறது. இலங்கையில் பல இணையப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பிறகு விடியும் வரையான நேரத்துக்கென்று தனியாக டேட்டா கொடுப்பார்கள். வலையமைப்பு அந்த நேரத்தில் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை மலிவாகக் கொடுப்பது வியாபாரத்துக்குச் சரி. ஆனால் மாதச் சம்பளத்தில் எண்ணி எண்ணிச் செலவழிக்கிற மனிதனுக்கு அது என்ன சொல்கிறது? விளையாட வேண்டுமென்றால் நித்திரையை விற்றுவிட்டு வா என்கிறது. பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எழும்பி, மோட்டார் சைக்கிளில் ஏ-9 வீதிக்கு ஏறுகிறான். வளர்ந்தவருக்கு இரவில் குறைந்தது ஏழு மணித்தியால நித்திரை தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனையிறவுப் பக்கம் வெட்டையில் நேராக ஓடும் அந்த வீதியில் விடியற்காலை கண் சொருகினால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். பகலில் உழைத்து, இரவு எட்டு மணியில் இருந்து பத்தரை வரை ஓய்வாக இருக்கிற மனிதருக்கு ஏன் மலிவான பொதி கிடையாது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கேட்க வேண்டிய கேள்வி இது. இந்த நாட்டில் இரவு நேரப் பொதியால் போன நித்திரைக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

2022இன் பொருளாதார நெருக்கடியையும் ஒரு வரியில் கடக்க முடியாது. அந்த மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை. அந்த வரிசைகளில் நின்றவர்களுக்கு நேரம் இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. கரண்ட் வருகிற மணித்தியாலத்தைப் பார்த்து மேட்ச் ஒழுங்கு பண்ணினார்கள். மின்வெட்டு அட்டவணையே விளையாட்டு அட்டவணை ஆனது. ரூபாய் விழுந்ததில் போன் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 வீதமானபோது, முன்பு விலக்கில் இருந்த கைபேசிகளும் அதற்குள் வந்தன. பழைய போனின் பற்றரி உப்பி மூடியைத் தள்ளும் வரை அதையே வைத்து விளையாடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இதுவரை எழுதியதில் பெண்கள் அதிகம் வரவில்லை. பரந்தனில் நேரத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அவர்கள் வராமல் போவது வழக்கம். ஒரு காலத்தில் இந்த ஊரிலேயே இரசாயனத் தொழிற்சாலை இருந்தது. வேலை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. போர் அதை முடித்துவைத்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் உள்ள ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிற பெண்ணுக்கு விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளையை அம்மம்மாவிடம் விட்டு, கம்பனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பின்னேரம் திரும்பி வந்தால் இரண்டாவது வேலை தொடங்கும். இவளும் விளையாடுகிறாள். அந்தப் பஸ்ஸுக்குள் ஏறிப் பாருங்கள். லூடோ ஓடும், கண்டி கிரஷ் ஓடும், ஜன்னல் கரையில் ஒருத்தி ஃப்ரீ ஃபயரில் ஆட்களை வரிசையாகச் சாய்ப்பாள். பஸ் போகும் நேரம் மட்டும்தான் அவளுடையது, ஏனென்றால் அந்த நேரத்தில் யாரும் அவளிடம் எதுவும் கேட்க முடியாது. இறங்கியதும் போன் பைக்குள் போய்விடும்.

கில்ட் என்கிற விளையாட்டுக் குழுவில் அவளுக்கு ஆண் பெயர். மைக் திறப்பதில்லை. திறந்தால் விளையாட்டு நின்றுவிடும், விசாரணை தொடங்கிவிடும்: யார், எவடம், கலியாணம் முடிச்சதோ. ஆண் விளையாடினால் "பாவம், வேலைக் களைப்பு" என்கிறோம். பெண் விளையாடினால் "பிள்ளையைப் பார்க்காமல் போனுக்குள்ள கிடக்கிறாள்" என்கிறோம். அவன் இரவு பத்தரைக்கு ஸ்குவாட்டில் சேர்கிறபோது பாத்திரம் யார் கழுவினார்கள்? காய்ச்சல்காரப் பிள்ளை யாருடைய மடியில் கிடந்தது? அவனுக்குக் கிடைத்த ஒரு மணித்தியாலத்தை அவள்தான் கொடுத்தாள். கொடுத்தது அவனுக்குத் தெரியவில்லை என்பதுதான் அநியாயம். பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் வன்னியில் எவ்வளவோ. அங்கே ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்கவும் ஆளில்லை, வாங்கவும் ஆளில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதைப் பேசித் தீர்த்திருக்கிறார்கள். புருசன் லொறி ஓடுகிறவர், மனைவி கடையில் கணக்கு எழுதுகிறவர், இரண்டு சின்னப் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் விளையாட விருப்பம். கலண்டரில் கிழமைக்கு இரண்டு இரவு புருசனுக்கு, இரண்டு இரவு மனைவிக்கு என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒருவருடைய இரவில் மற்றவர்தான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு. வீடு பற்றி எரிந்தால் ஒழியக் கூப்பிடுவதில்லை. பதினொன்றரைக்கு றவுட்டர் நிற்கும். தொடக்கத்தில் சண்டை வந்ததாம். முக்கியமாக, மனைவியின் இரவில் பிள்ளைகள் "அம்மா, அம்மா" என்று கதவில் தட்டியபோது. தகப்பன் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போகப் பழகியதோடு அது நின்றது. அவர்கள் இருவரும் முன்பைவிடக் குறைவான நேரமே விளையாடுகிறார்கள். ஆனால் ஒளித்து விளையாடுவதில்லை. ஒளித்து எடுக்கிற நேரத்தில் விளையாட்டும் ருசிக்காது, வீடும் ருசிக்காது என்பதை அந்த மனைவி என்னிடம் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

அரசாங்கங்கள் இந்த விஷயத்தில் சட்டம் போட்டு என்ன கண்டன? தென்கொரியா 2011இல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவில் இருந்து காலை ஆறு மணி வரை விளையாடக் கூடாதென்றது. பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டது. சீனா 2021இல் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டில் இருந்து ஒன்பது வரை என்று ஒரே ஒரு மணித்தியாலத்தை அளந்து கொடுத்தது. தமிழ்நாடு 2025இல் பணம் கட்டி விளையாடுவதை நள்ளிரவில் இருந்து காலை ஐந்து மணி வரை தடுத்தது; சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சரியென்றது. பணம் கட்டும் விளையாட்டைப் பற்றி எனக்கு இரண்டு கருத்தில்லை. நுண்கடனில் மூழ்கிய வன்னிக்குள் அது வரவே கூடாது. ஆனால் சும்மா விளையாடுகிற வளர்ந்த மனிதரின் நேரத்தைச் சட்டம் எதுவும் ஒழுங்காக்க முடியாது. அது வீட்டுக்குள் தீர்க்க வேண்டிய கணக்கு.

'அடிமை' என்ற சொல்லையும் கவனமாகப் பாவிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறைச் சேர்த்தபோது மணித்தியாலக் கணக்கு எதையும் வைக்கவில்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போதல், வாழ்க்கையின் மற்றதெல்லாம் பின்னுக்குப் போதல், கேடு வந்தும் விடாமல் தொடர்தல், இவை பொதுவாக 12 மாதமாவது நீடித்தல் என்பவைதான் அதன் அடையாளங்கள். ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2022இல் ஏறத்தாழ 39,000 பேரின் உண்மையான விளையாட்டு நேரப் பதிவுகளை நிறுவனங்களிடம் வாங்கிப் பார்த்தார்கள். எவ்வளவு நேரம் என்பதற்கும் மனநலத்துக்கும் இடையே பெரிய தொடர்பெதுவும் தென்படவில்லை. எதற்காக விளையாடுகிறார் என்பதில்தான் வித்தியாசம் இருந்தது. விரும்பி விளையாடுகிறவர் நன்றாக இருந்தார். விளையாடாமல் இருக்க முடியாது என்று உள்ளே இருந்து ஏதோ தள்ள விளையாடுகிறவர் நன்றாக இல்லை. எங்கள் ஊரில் மகனைப் பற்றியோ புருசனைப் பற்றியோ முறைப்பாடு சொல்ல வருகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நீண்ட காலம் விளையாடியும் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ளாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய கில்ட்டுகள் காலபோகத்தோடு ஏறி இறங்குகின்றன. ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு. பெப்ரவரி, மார்ச்சில் வெட்டு. வெட்டு மிசின் ஊருக்குள் வந்துவிட்டால் குழுவில் பாதி ஆள் இருக்காது. நெல்லைக் காயவைக்க வேண்டும், மழைக்கு மூட வேண்டும், விலை பேச வேண்டும். ராங்க் விழும். விழட்டும் என்று தலைவர் முதலே சொல்லிவிடுவார். நெல் விற்ற கையோடு ஒவ்வொருவராகத் திரும்பி வருவார்கள். யாரையும் ஏன் வரவில்லை என்று கேட்பதில்லை. நிறுவனம் வைத்த சீசனை விட்டு வயல் வைத்த சீசனில் விளையாடுகிற அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

இந்த விளையாட்டு ஏன் பாய்க்குள்ளும் போர்வைக்குள்ளும் நடக்க வேண்டும்? ஒவ்வொரு கிராமத்திலும் விளையாட்டுக்கழகம் இருக்கிறது, கரப்பந்தாட்டத் திடல் இருக்கிறது, பல இடங்களில் பொதுநோக்கு மண்டபம் பின்னேரத்தில் பூட்டிக் கிடக்கிறது. கரைச்சிப் பிரதேச சபையும் கழகங்களும் மனம் வைத்தால் ஒரு மண்டபத்துக்கு ஒரு ஃபைபர் இணைப்பு எடுப்பது பெரிய காரியம் இல்லை. மாலை ஏழு மணியில் இருந்து ஒன்பதரை வரை. கரண்ட் காசும் இணைப்புக் காசும் சந்தாவில் இருந்து. பாரிஸ் மச்சான்மாருக்கு அது வேலை நேரம், நாளாந்தம் சேர முடியாது, ஞாயிற்றுக்கிழமை சேரலாம். பக்கத்தில் இருந்து விளையாடுகிறவன் தோற்றுப்போனால் தோளில் தட்ட ஆள் இருக்கும். ஒருவன் கிழமைக் கணக்கில் தன்னை இழந்துகொண்டு போனால் கவனிக்கக் கண்களும் இருக்கும். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினால் 'இன்னும் ஒரு மேட்ச்' என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஆனால் கிழமையில் ஒரு பின்னேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்காமல் எந்தக் கழகமும் இதைத் தொடங்கக் கூடாது. சனிக்கிழமை நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை என்று வைக்கலாம். இருட்டுமுன் வீட்டுக்குப் போகலாம். திறப்பு அன்றைக்கு ஒரு பெண்ணின் கையில் இருக்க வேண்டும். அந்த இரண்டு மணித்தியாலமும் பிள்ளைகளைப் பார்ப்பது கழகத்தின் ஆண் உறுப்பினர்களின் வேலை என்பதைக் கழக யாப்பிலேயே எழுதிவிட வேண்டும். திடல் பக்கத்தில்தானே இருக்கிறது, பந்தும் இருக்கிறது.